ஆற்றொலியும் ஆன்மவறிவும்

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானநெறிக்கண் வகுத்த படிகள் நான்கு. அவற்றுள் கேட்டல் முதற்கண் நின்றது, மாணாக்கனது அறிவு செவி வாயிலாகவே ஆசிரியன் உரையைப் பற்றுதலின். நிட்டை இறுதிக்கண் நின்றது, இடைநின்ற இரண்டும் நிரம்பிய வழியன்றி அது கூடாமையின். முதற்படியினின்று இறுதிப்படிக்குத் தாவுவார்க்கு எய்துவது நிட்டையன்று, மயக்கமேயாம். இவ்வுண்மை ஞானநூற் கேள்விக்கேயன்றி உலகப் பொருள்களைக் கேட்குங் கேள்விக்கும் ஒருவாற்றாற் பொருந்துமென்பது, மேல்நாடுகளில் இக்காலத்துத் தோன்றி வளர்ந்த ஓர் ஒலிக்கலையை ஆராயுமிடத்து இனிது விளங்கும்.

அக்கலை நிறுவற்கலை என்னும் வகையின்பாற் பட்டது. ஓர் அறையினுள் ஒலிபெருக்கிகளைச் சுற்றிலும் நிறுவிக் கேட்போரை நடுவணிருத்தி, எப்புறத்தினின்றும் ஓசை வந்து சூழுமாறு அமைப்பது அதன் இயல்பு. பாடுவோரும் கருவி வாசிப்போரும் ஆண்டு இலர், மேடையும் இல்லை. வருவோர் தாம் வேண்டும்போது வருவர்; வேண்டுமளவும் இருப்பர்; பின்னர்ப் போவர். ஓசையினுள் மூழ்குதலே இதன் பயனென்பர் இதனைப் புகழ்வோர். இவ்வகையில் ஆற்றையே பொருளாகக் கொண்டு எழுந்தவற்றுள் சிறப்பாக எண்ணத்தக்கன, அன்னியா லாக்வுட் என்னும் அம்மையார் இயற்றிய ஆற்றொலிப் படங்கள் மூன்றுமாம்.

இவ்வம்மையார் 1939-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டுக் கிரைஸ்ட்சர்ச் நகரிற் பிறந்தவர். 1961-இல் இங்கிலாந்து சென்று இசை பயின்றவர். 1973-இல் அமெரிக்க நாடு புகுந்து, ஹட்சன் ஆற்றங்கரை நகராகிய போகீப்சியிலுள்ள வாசர் கல்லூரியிற் பல்லாண்டு இசையாசிரியராக இருந்தவர். ஆறுகளின் ஓசையைப் பதிந்து தொகுக்குந் தொழிலை அவர் 1960-களிலேயே மேற்கொண்டனர். நியூயார்க் மாநிலத்து யாங்கர்ஸ் நகரிலுள்ள ஹட்சன் ஆற்று அருங்காட்சியகத்தாரின் வேண்டுகோட்கு இணங்கி, 1982-இல் ஹட்சன் ஆற்றின் ஒலிப்படத்தை அமைத்தனர். பின்னர் 2001 முதல் 2004 வரை ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றின் வழியே சென்று 59 இடங்களிற் பதிந்தவற்றைத் தொகுத்து, 2005-இல் இரண்டாம் படத்தை முடித்தனர். அஃது 167 நிமிட அளவினது. மூன்றாவது, 2010-இல் அமைந்த ஹூசட்டானிக் ஆற்றின் ஒலிப்படம். ஹட்சன் படம் 1989-இலும் டான்யூப் படம் 2008-இலும் குறுந்தகடுகளாக வெளிவந்தமையின், அறையினுட் சென்று கேளாதார்க்கும் அவை கேட்கக் கிடைப்பனவாயின.

ஹட்சன் ஆறு ஏறத்தாழ 315 மைல் நீளமுடையது. அடிராண்டாக் மலைத்தொடரிலுள்ள மார்சி மலைச்சாரலில், 4,300 அடி உயரத்தளவில், மேகக் கண்ணீர் எனப் பொருள்படும் பெயருடைய சிற்றேரியே அதன் தலைக்காவிரி போலும் தலையிடம். ஆண்டு நின்று தொடங்கி, மலையோடைகளின் வழியாக இறங்கி, அட்லாண்டிக் பெருங்கடலைச் சேருமிடங்காறும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களின் நீரோசை ஒலிப்படத்தின்கண் கேட்கப்படும். நீரின் மருங்கே ஒலிவாங்கியை வைத்துப் பதிந்த ஓசையே முழுதும். பண்ணும் தாளமும் கருவியிசையும் அதனொடு கலக்கப்படவில்லை. அறையின் சுவரில் ஆற்றின் பெரும்படம் ஒன்று தூக்கப்பட்டிருக்கும். பதிந்த இடங்கள் அதன்கண் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். எந்நேரத்தில் எவ்விடத்து ஓசை கேட்குமென்பதும் உடன் குறிக்கப்பட்டிருக்கும்.

இனி இதன் நலத்தை நோக்குவாம். ஆற்றோசை யாண்டும் ஒரு தன்மைத்து என்பது ஆராய்ச்சியில்லாதார் எண்ணம். பாறையிற் படும் நீரும், கூழாங்கல்லின்மேல் உருளும் நீரும், சேற்றுக்கரையை நக்கும் நீரும், ஆழத்துச் சுழிக்கும் நீரும் வேறு வேறு ஒலிப்பன. அவ்வேறுபாட்டைச் செவி பிரித்துணருமாறு அவற்றை முறைப்பட நிரல் செய்தமை இவ்வம்மையாரின் முதற்சிறப்பு. உட்ரெக்ட் நகரத்து அறிஞர் மின்னார்ட் என்பார் 1933-இல் ஆராய்ந்து கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓடும் நீரின் ஓசைக்கு நீரினுள் அகப்பட்ட காற்றுக்குமிழிகளின் அதிர்வே காரணமென்றும், குமிழி சிறிதாயின் ஓசை உயருமென்றும், பெரிதாயின் தாழுமென்றும் அவர் கணித்துக் காட்டினர். எனவே ஆற்றோசை எனப்படுவது நீரொன்றன் ஓசையன்று. நீரும் காற்றும் கல்லும் தம்முட் கூடிய கூட்டத்தின் ஓசை என்பது பெறப்படும்.

இது சித்தாந்த நூற்கொள்கையோடு மாறுபடுவதன்று. நையாயிகர் ஓசையை ஆகாயத்திற்கே உரிய குணமென்பர். சைவ சித்தாந்திகளோ ஆகாயத்திற்கு ஓசை ஒன்றும், காற்றிற்கு ஓசையும் ஊறும் என இரண்டும், தீக்கு அவற்றோடு உருவமும், நீர்க்கு அவற்றோடு சுவையும், நிலத்திற்கு அவற்றோடு நாற்றமும் எனக் கொண்டு, ஐம்பூதங்களினும் ஓசை உண்டென்பர். ஆற்றங்கரையில் இருந்து கேட்பான் ஒரு பூதத்தை மட்டும் கேளான். பல பூதங்களின் சேர்க்கையைக் கேட்பான். ஆறு என்பது தனித்ததொரு பொருளின் பெயரன்று, பல பொருள்களின் கூட்டத்திற்கு இட்ட பெயர் என்பதைச் செவியே அறியச் செய்தல், இவ்வொலிப்படத்தால் விளையும் அறிவுப்பயன். இதனை யாரும் பாராட்டுவர்.

ஆயினும், இவ்வகை நிறுவல்களைப் புகழ்வார் பலர் இவ்வளவின் அமைவதிலர். ஓசை சூழ்ந்த அறையில் இருப்பவன் தன்னை மறக்கின்றான் என்றும், கேட்போனும் கேட்கப்படுவதும் என்னும் வேற்றுமை ஆண்டு நீங்குகின்றது என்றும், அவன் ஆறேயாகின்றான் என்றும், அதுவே கலையின் முடிந்த பயன் என்றும் கூறுப. கேட்டலினின்று நிட்டைக்குத் தாவுதல் என மேலே குறித்தது இதுவேயாம். இக்கூற்று ஆராயற்பாலது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையுடையது என்பது சித்தாந்தத் துணிபு. படிகம் தன்னைச் சார்ந்த நிறத்தைத் தானும் காட்டுமாறு போல, உயிர் தான் சார்ந்த பொருளின் இயல்பிலே அழுந்தி நிற்கும். ஆதலின் ஆற்றோசை சூழ்ந்தவிடத்து உயிர் ஆற்றோசையாய் அழுந்துதல் உண்மையே. அஃது அனுபவத்திற்கு ஒத்ததே. ஆனால் செந்நிறப் பூவின் மருங்கே சிவந்து தோன்றும் படிகம் பூவாகிவிடவில்லை. பூவை நீக்கியவழிப் படிகம் பழையபடியே நிற்கும். ஒலிபெருக்கி அடங்கியவழி, ஆறேயாயினான் எனப்பட்டவன் எழுந்து தன் செருப்பைத் தேடுகின்றான். ஆதலின் ஆண்டு நிகழ்ந்தது அழுந்துதலேயன்றி ஆதலன்று என்க.

அற்றேல், சிறிது நேரமாயினும் தன்னை மறந்திருந்தான் அன்றோ, அது வீடுபேற்றின் சாயலாகாதோ எனின், ஆகாது. என்னை? தன்னை மறத்தல் இருவகைத்து. உயிர் தன் கருவிகளை இழந்து, அறிவு விளங்காது, ஆணவ இருளிற் கிடக்கும் மறதி ஒன்று. அது கேவலத்தின்பாற் படும். திருவருள் விளக்கத்திலே தற்போதம் அடங்கி, அருளே தானாய் நிற்கும் மறதி மற்றொன்று. அது சுத்தத்தின்பாற் படும். புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒத்தே தோன்றும். உறங்குவான் முகமும் யோகியின் முகமும் ஒப்ப அமைதியுற்றிருத்தல் போல்வது அது. ஆயினும் ஒன்று அறிவின் இன்மை, மற்றொன்று அறிவின் நிறைவு. விளக்கவிந்த அறையில் ஓசையொன்றிலே கரைந்து, இஃது எவ்விடம், யான் யார், யாது கேட்கின்றேன் என்னும் உணர்வு ஒழிந்து கிடத்தல் நனவில் நிகழும் உறக்கமேயாகும். உடல் இளைப்பாறுதற்கும் மனம் ஓய்தற்கும் அது பயன்படலாம். அதனை யாரும் பழித்தற்கில்லை. அதனை வீடென்று கொள்ளுதலே பழிக்கப்படும்.

இனி, இக்குற்றம் புகழ்வோர்மேல் ஏறுமோ, இயற்றினார்மேலும் ஏறுமோ எனின், இயற்றினார்மேல் ஏறாது என்றே கூறவேண்டும். அதற்குச் சான்று சுவரிலே தூக்கிய அப்படமேயாம். கேட்போர் முற்றும் மூழ்கி மறத்தலே அவர் கருத்தாயின், படமும் எண்ணும் நேரக்குறிப்பும் வேண்டா. இருட்டறையும் ஓசையும் அமையும். அவரோ கேட்போன் அடிக்கடி தலைநிமிர்ந்து, இப்போது கேட்பது எவ்விடத்து நீர் என்று படத்தை நோக்கி அறியுமாறு செய்தனர். செவி ஓசையைப் பற்ற, மனம் இஃது யாதென ஐயுற, கண் படத்தை நாட, புத்தி இஃது இன்னவிடத்து ஓசையென நிச்சயிக்கின்றது. அந்தக்கரணங்கள் உறங்காது தத்தம் தொழிலைச் செய்கின்றன. கேட்டலுக்குப் பின் சிந்தித்தல் என்னும் படியை அவர் தம் நிறுவலினுள்ளேயே கட்டி வைத்தனர். மூழ்குவிக்கும் ஓசையினும் மூழ்காது நிற்கச் செய்யும் படமே இந்நிறுவலின் உயிர்நிலை. இதனை நோக்காது மூழ்குதலை மட்டும் புகழ்வார், நூலை விடுத்து நூலைக் கட்டிய கயிற்றைப் புகழ்வாரோடு ஒப்பர்.

ஹட்சன் ஆற்றின் இயல்பொன்று இவ்விடத்துக் கருதத்தக்கது. கடல் ஏற்றநீர் அவ்வாற்றினுள் ஏறத்தாழ 153 மைல், டிராய் நகரத்து அணைகாறும் புகுந்து மீளும். அதனால் அந்நாட்டுப் பழங்குடியினராகிய மோகிக்கர், இருபுறமும் ஓடும் நீர் என்னும் பொருள்பட அவ்வாற்றிற்குப் பெயரிட்டனர். ஒருகால் கடலை நோக்கியும் ஒருகால் மலையை நோக்கியும் செல்லும் அவ்வாறு, சத்தினைச் சார்ந்தவழிச் சத்தாயும் அசத்தினைச் சார்ந்தவழி அசத்தாயும் நிற்குஞ் சதசத்தாகிய உயிருக்கு ஓர் உவமையாகத் தக்கது. ஆற்றையே கண்டு நிற்பவன் ஒரு கணத்தில் ஒரு போக்கையே காண்பான். இருபோக்கும் உண்டென்பது காலம் பலவற்றை ஒப்பிட்டு நோக்குவானுக்கே புலனாம். அழுந்துதலால் அன்று, ஒப்பிடுதலாலேயே உண்மை புலனாகும் என்பதற்கு இதுவும் ஒரு கரி.

இயற்றினார் கொள்கையிலும் ஆராய வேண்டுவது ஒன்று உண்டு. டான்யூப் ஆற்றின் கரையிலே பல்லாண்டு கேட்டுத் திரிந்த அவ்வம்மையார், ஆறு தன் கரையைத் தானே செதுக்கித் தன் ஓசையைத் தானே அமைத்துக்கொள்கின்றது, ஆதலின் ஆற்றிற்குச் செய்யுந்தன்மை உண்டு என்னுங் கருத்தினர். இஃது இனிய கருத்து. ஆயினும் அவ்வாறே கொள்ளுதற்குரியதன்று. நீர் சடம். சடம் தன்னை அறியாது. தன்னை அறியாதது, இன்ன ஓசை வேண்டுமெனக் கருதித் தன் கரையைச் செதுக்குதல் யாங்ஙனம்? குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்டசக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல் போல, ஆற்றோசைக்கு நீரும் காற்றும் முதற்காரணம். சரிவும் கல்லும் கரையும் துணைக்காரணம். நிமித்தகாரணம் எங்கே என வினவின், உலகு ஒருவன் ஒருத்தி ஒன்று எனச் சுட்டப்பட்டு மூவினைமை உடைமையின் தோற்றுவிப்பான் ஒருவனை உடைத்து எனச் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் நிறுவிய பொருளே விடையாகும்.

அற்றேல், ஒவ்வொரு குமிழியையும் இறைவன் விரலாற் தொட்டு ஒலிப்பிக்கின்றானோ எனின், அற்றன்று. ஞாயிற்றின் சந்நிதியிலே தாமரை மலர்தலும், சூரியகாந்தக்கல் எரிதலும், நீர் வற்றுதலும் தத்தம் தகுதிக்கேற்ப நிகழ்வன, ஞாயிறு விகாரமுறுவதில்லை. அவ்வாறே அவன் சந்நிதியிலே பூதங்கள் தத்தம் தொழிலில் நிற்கும். ஆற்றுக்குச் செய்யுந்தன்மை உண்டென்பதை, கட்டில்கள் கூவின என்பது போல உபசார வழக்காகக் கொள்ளின் குற்றமில்லை. உண்மை வழக்காகக் கொள்ளின் சடத்தைச் சேதனமாக்கிய குற்றமாம். அம்மையார் கூற்றின் உள்ளுறை, ஆற்றை மனிதன் தன் விருப்பிற்கு வளைக்கும் வெறும் பண்டமாக எண்ணற்க என்பதாயின், அது சைவர்க்கும் உடன்பாடே. ஆறு உடையவன் உளன் என்று அறிந்தவன் அதனைத் தன் உடைமையென்று கெடுக்கத் துணியான்.

இனி டான்யூப் ஒலிப்படத்தை நோக்குவாம். ஜெர்மனியின் கருங்காட்டு மலையிலே பிரெக், பிரிகாக் என்னும் இரண்டு ஓடைகளாகத் தோன்றி, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடி, பத்து நாடுகளைத் தொட்டுக் கருங்கடலிற் கலப்பது அவ்வாறு. நீர்மட்டத்தின் மேலேயன்றி நீரினுள்ளும் ஒலிவாங்கியை அமிழ்த்திப் பதிந்த ஓசைகள் இதன்கண் உள்ளன. கரையிற் செல்வார் ஒருகாலும் கேளாத நீர்ப்பூச்சிகளின் ஒலியும், அடித்தளத்துக் கற்கள் உராயும் ஒலியும் கேட்கப்படுகின்றன. ஆறு தேய்த்து உருவாக்கிய கற்கள் கேட்போர் கையிலெடுத்துப் பார்க்குமாறு வைக்கப்பட்டன. செவிப்புலனோடு ஊறும் துணையாயிற்று. இவையெல்லாவற்றினும் மேலாக, ஆற்றை நம்பி வாழ்வாரது குரலும் சேர்க்கப்பட்டது. ஆறு நுமக்கு யாது, அஃதின்றி வாழ்தல் கூடுமோ என்று வினாவ, அவரவர் தத்தம் தாய்மொழியில் விடை கூறுகின்றனர்.

ஓசைக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டுத் தோன்றும். ஓசை செவியளவில் நிற்பது; சொல் பொருளைப் பற்றி உட்புகுவது. செவிக்குப் புலனாகும் வைகரி வாக்கு, மத்திமையும் பைசந்தியும் சூக்குமையும் ஆகிய நுண்வாக்குகளின் வெளிப்பாடாதலின், பொருளுணர்ச்சியில் முடிந்தபோதே அது சொல்லாகும். ஜெர்மன் மொழியும் ஹங்கேரிய மொழியும் செர்பிய மொழியும் ருமேனிய மொழியும் அறியாத ஒருவன் அக்குரல்களைக் கேட்குமிடத்து, அவை அவனுக்குச் சொல்லாகா; ஆற்றோசையோடு ஒன்றாகிய மற்றோர் ஓசையே ஆகும். மொழிபெயர்ப்பு எழுத்திலே தரப்பட்டமையின் அறிய விழைவார்க்கு வழியுண்டு. ஓசையிலேயே கண்மூடி அழுந்தியிருப்பவனோ அதனை நோக்கான். அவனுக்கு, வாழ்வு முழுதும் ஆற்றோடு போராடிய ஒருவன் மனம் திறந்து கூறிய உரை, நீர்க்குமிழியின் ஒலியளவாய்க் கழிந்தொழியும். மூழ்குதலால் இழக்கப்படுவது யாது என வினவுவார்க்கு இதுவே விடை. இழக்கப்படுவது பிறிதோர் உயிரின் சொல்.

இனிக் கூறுவது இவ்வாராய்ச்சியின் முடிபொருள். செவிக்குக் கேட்பன எல்லாம் ஆற்றின்கண் உள்ளன எல்லாம் ஆகுமோ? டான்யூப் ஆற்றிலே ருமேனியாவுக்கும் செர்பியாவுக்கும் இடையே இரும்புவாயில் எனப்படும் மலையிடுக்கு உண்டு. முற்காலத்தில் அது பாறைகளின்மேல் வெள்ளம் முழங்கிய இடம். 1972-இல் அங்கே பேரணை முடிந்தது. பாறைகள் ஆழத்தில் அடங்கின. அடா கலே என்னும் தீவும், அதன்கண் துருக்கிய மக்கள் வாழ்ந்த ஊரும் நீருள் மறைந்தன. இன்று ஆண்டுச் சென்று கேட்பவன் கேட்பது தேங்கிய நீரின் அமைதி. அவ்வமைதி இயல்பாய அமைதியோ, முழக்கம் அழிந்த அமைதியோ என்று செவி அறியாது. உள்ளதனை உணர்த்தவல்ல செவி, இல்லாதொழிந்ததனை உணர்த்த மாட்டாது. உரையும் வரலாறும் அறிந்தவனே அதனை அறிவான்.

ஹட்சன் ஆற்றின் நிலை இதனினும் கொடிது. அவ்வாற்றின் மேற்பகுதியில் ஹட்சன் பால்ஸ், போர்ட் எட்வர்ட் என்னும் ஊர்களிலிருந்த மின்கருவித் தொழிற்சாலைகள் இரண்டிலிருந்து, பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்னும் நச்சு நெய் 1947 முதல் 1977 வரை ஆற்றில் விடப்பட்டது. அது நீரிற் கரையாது வண்டலிற் படியும். வண்டலிலிருந்து புழுவிற்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து உண்போனுக்கும் ஏறி, உடற்கொழுப்பிலே தங்கும். 1976-இல் மேல்ஹட்சனில் மீன்பிடித்தலை அரசினர் தடுத்தனர். 1984-இல் ஆற்றின் ஏறத்தாழ 200 மைல் நீளம், நடுவணரசு தூய்மை செய்தற்குரிய நச்சு நிலங்களின் நிரலில் வைக்கப்பட்டது. 2009 முதல் 2015 வரை ஆற்றடி வண்டல் தோண்டி அகற்றப்பட்டது. ஒலிப்படம் இயன்ற 1982-இலோ அந்நஞ்சு ஆற்றடியிற் கிடந்தது. ஹூசட்டானிக் ஆற்றின் வண்டலிலும் இதே நஞ்சு படிந்தது.

ஒலிப்படத்தைக் கேட்க, நீர் சலசலக்கின்றது, கல்லோடு விளையாடுகின்றது, கரையைத் தழுவுகின்றது. நஞ்சு ஒலிக்கவில்லை. நஞ்சில்லாத ஓடையின் ஓசையும் நஞ்சுடைய ஆற்றின் ஓசையும் செவிக்கு ஒரே இனிமை. இருள் பிற பொருள்களை மறைத்து நிற்பினும் இஃது இருள் என்று தன்னையேனும் காட்டும். ஆணவமோ பிற பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்ளும் என்று உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனிலே வேறுபாடு கூறினர். கலங்கிய நீர் தன் கலக்கத்தைக் காட்டும்; நாறும் நீர் தன் நாற்றத்தைக் காட்டும். இந்நஞ்சோ நிறத்தானும் நாற்றத்தானும் ஓசையானும் தன்னைக் காட்டாது, இனிய ஓசையின் கீழே கிடந்தது. உவமை ஒருபுடை ஒப்புமையே. ஆயினும் மலமறைப்பின் தன்மையை விளக்க இதனினும் தக்கதோர் உலகியற் சான்று காண்டல் அரிது.

அந்நஞ்சு எங்ஙனம் அறியப்பட்டது? மீனின் உடலையும் வண்டலையும் சோதித்துக் கருதலளவையால் அறியப்பட்டது. அறிந்தார் உரைத்த உரையளவையாற் பரவியது. காண்டல், கருதல், உரை என மூன்றளவையும் வேண்டுமென்று நம் முன்னோர் வற்புறுத்தியது வாதத்தின் பொருட்டன்று. காண்டலொன்றையே நம்பி நிற்பவன், அது செவிக்காண்டலாயினும், நஞ்சை அமிழ்தென்றே பருகுவன். ஆற்றோடு ஒன்றாயினேன் எனக் களிப்பவன் ஆற்றின் எப்பகுதியோடு ஒன்றாயினான்? ஓசையோடோ, ஓசையின் கீழ்க்கிடந்த நஞ்சோடோ? இரண்டும் ஆறே என்பனேல், நஞ்சோடு ஒன்றாதலும் அவற்கு வீடாதல் வேண்டும். அஃது எவர்க்கும் உடன்பாடன்று. ஆதலின் கேட்டபின் சிந்தித்தலும், சிந்தித்தபின் தெளிதலும் இன்றியமையாதன என்பது இனிது நிலைபெறும்.

ஈண்டு ஒரு தடை எழும். கலையின் தொழில் இன்பம் பயத்தல். நஞ்சை ஆராய்தல் இயைபுடைய அறிஞர் தொழில். ஒன்றன் கடனை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் முறையோ என்பது அத்தடை. இதற்கு விடை: ஓசை நஞ்சைக் காட்டவில்லை என்பது ஓசைப்படத்தின் குற்றமாகக் கூறப்படவில்லை. காட்ட இயலாததைக் காட்டாமை குற்றமாகாது. கேட்டலின் எல்லை இதுவென்று கேட்போன் அறிதல் வேண்டும் என்பதே கூறப்பட்டது. தன் எல்லையை உணர்த்துங் கலை உயர்ந்தது. எல்லையில்லாதது போலத் தன்னைக் காட்டுங் கலை மயக்குவது. லாக்வுட் அம்மையாரின் படமும் எண்ணும் நேரக்குறிப்பும், கற்களும் மக்களுரையும், இஃது ஓசை மட்டுமே, ஆறு இதனினும் பெரிது என்று இடையறாது நினைவூட்டுவன. ஆதலின் அவரது ஆக்கம் முன்னையதன்பாற் படும். அதனைப் பின்பற்றி, படத்தையும் குறிப்பையும் விடுத்து, இருளையும் ஓசையையும் மட்டும் நிறுவி, வருக, மூழ்குக, ஆறாகுக என்று அழைப்பன பின்னையதன்பாற் படும்.

இத்தகைய நிறுவல்களை அமைப்பார்க்குக் கூறத்தக்கது ஒன்றுண்டு. ஆற்றின் படத்தில் ஓசை பதிந்த இடங்களைக் குறிக்குமிடத்து, ஓசையால் அறியப்படாதவற்றின் இடங்களையும் குறித்தல் நன்று. இவ்விடத்து வண்டலில் நஞ்சு உண்டு, இவ்விடத்து ஓர் ஊர் நீருள் மறைந்தது என ஒரு வரி எழுதியிருப்பின், அவ்விடத்து ஓசை ஒலிக்கும்போது கேட்போன் செவி முன்போலக் கேளாது. அதே சலசலப்பு அவன் அறிவிலே வேறாகும். இன்பம் குறையுமோ எனின், சிறிது குறையும், அன்பு மிகும். துன்புற்றதொன்றன் இனிய குரலைக் கேட்குங்கால் எழும் அன்பு, அதன் துன்பத்தை அறியாதார் எய்தும் இன்பத்தினும் சிறந்தது.

செவியை இவ்வளவு பொறுமையோடு பழக்கிய ஆக்கம் இக்காலத்து அரிது. ஒரு நீர்த்துளியின் ஓசையை அடுத்ததனினின்று பிரித்துணர மூன்று ஆறுகளின் நீளம் முழுதும் நடந்த முயற்சி போற்றத்தக்கது. அவ்வாறு பழகிய செவி, ஒருநாள் ஆசிரியன் உரையைக் கேட்கும்போது, அதன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துணரும் தகுதி பெறும். கேட்டலாகிய முதற்படிக்கு ஆற்றொலிப்படம் உறுதுணை. நிட்டைக்கு அது துணையுமன்று, தடையுமன்று. இடையிலுள்ள இரண்டு படிகளையும் மறப்பவனுக்கு மட்டுமே அது தடையாம். ஆற்றைக் கேட்க, கேட்டதனைச் சிந்திக்க, ஓசையின் கீழே கிடப்பது யாதெனத் தெளிக. அதன்பின் அழுந்துதற்குரிய பொருள் ஓசையன்று, ஓசையையும் ஆற்றையும் கேட்குஞ் செவியையும் தந்தவனே என்பது தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.